காஃபின் நீக்கிய காப்பியும் ஜொகூர் லைபீரிக்காவும்

காப்பியைக் காஃபின் நீக்கியது, நீக்காதது எனப் பகுத்து ஒப்பிடுவது இன்றைய வழக்கம். 1906இல் செருமனியின் பிரேமன் நகரில் லுட்விக் ரோசலியசு தொடங்கிய நிறுவனமே முன்னதை வணிகப் பொருளாக்கியது. பச்சைக் கொட்டையை நீராவியில் பதப்படுத்திப் பென்சீனால் காஃபினைப் பிரித்தனர். நச்சுத்தன்மை கருதி அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது.

ஆயின், காஃபின் நீக்காத காப்பியனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சிம்பாங் ரெங்கம் அமைந்துள்ள குளுவாங் மாவட்டம் உட்பட ஜொகூரில் விளையும் லைபீரிக்கா, ரொபஸ்டாவைவிட இயல்பாகவே காஃபின் குறைந்தது. 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றிய பின்னரே இவ்வினம் தோட்டக்காரர்களின் கவனத்தைப் பெற்று, மலாயாவிலும் பரவியது. இரப்பர் வருமுன் இக்காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். ஆதலின், மலாயாத் தமிழரின் தோட்ட வரலாற்றை இரப்பரிலிருந்து தொடங்குதல் நிறைவாகாது.