ஃப்ரிட்ஜ் மேக்னட் தெரியும்... தீப்பெட்டி லேபிள் சேகரிப்பு தெரியுமா? சிவகாசி பெட்டியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொடைக்கானல் போனாலும் சரி, சிங்கப்பூர் போனாலும் சரி, திரும்பி வரும்போது ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட் வாங்கி வருவது இப்போது பலருக்கும் பழக்கம். நண்பர் வெளிநாடு கிளம்பினால், "பெருசா எதுவும் வேணாம், ஒரு மேக்னட் மட்டும் வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்புபவர்களும் உண்டு. விலை குறைவு, பையில் இடத்தை அடைக்காது, பார்த்ததுமே அந்த ஊர் ஞாபகம் வரும்.

மேக்னட் வருவதற்கு வெகு காலம் முன்பே இதே வேலையைச் செய்த ஒரு குட்டிப் படம் இருந்தது. அதுதான் தீப்பெட்டி லேபிள். உலகம் முழுக்க அதைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அதை மூட்டை மூட்டையாக அச்சடித்து அனுப்பிய நம்ம விருதுநகர் மாவட்டத்திலோ, குச்சி தீர்ந்ததும் பெட்டி குப்பைக்குப் போகிறது. அந்தச் சின்னக் காகிதத்தில் அப்படி என்ன இருக்கிறது? அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிச் சேர்ப்பது? பார்க்கலாம்.

இந்தப் பழக்கத்துக்குப் பெயர் என்ன?

தீப்பெட்டி லேபிள்களைச் சேகரிக்கும் பழக்கத்தை ஆங்கிலத்தில் 'ஃபிலுமெனி' என்பார்கள். 'அன்பு' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லையும், 'ஒளி' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லையும் சேர்த்து 1943-ல் மார்ஜோரி எவன்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி உருவாக்கிய சொல் இது. 1945-ல் பிரிட்டனில் சேகரிப்பாளர்களுக்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. ஜப்பானின் தெய்இச்சி யோஷிசாவா 7 லட்சத்துக்கும் மேற்பட்ட லேபிள்களைச் சேர்த்து கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தார். இந்தியாவில் டெல்லியைச் சேர்ந்த கௌதம் ஹெம்மாடியின் சேகரிப்பு பரவலாக அறியப்பட்டது. அவரது லேபிள்கள் கண்காட்சியாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன.

பெயர் தெரியாமலேயே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக இதைச் செய்துவந்தார்கள். கோலிக்குண்டு விளையாட்டில் காசுக்குப் பதில் பந்தயமாக வைத்தது தீப்பெட்டிப் படத்தைத்தானே! யாரிடமும் இல்லாத படம் கையில் இருந்தால் தெருவில் அவன்தான் ராஜா.

சிவகாசிக்குத் தீப்பெட்டி எப்படி வந்தது?

ஆரம்பத்தில் இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான் போன்ற நாடுகளில் இருந்து கப்பலில் வந்தது. இங்கே விற்க வேண்டும் என்பதால் அந்த நாட்டு ஆலைகளே நம்ம சாமி படங்களையும், ரவிவர்மா பாணி ஓவியங்களையும் லேபிளில் அச்சிட்டு அனுப்பின.

1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டி மீதான இறக்குமதி வரி இரு மடங்காக உயர்ந்தது. இனி இங்கேயே தயாரித்தால்தான் லாபம் என்ற நிலை வந்தது. ஸ்வீடன் நிறுவனம் 1923-ல் 'விம்கோ'வைத் தொடங்கி இந்தியாவிலேயே ஆலை போட்டது.

அதே காலகட்டத்தில் சிவகாசியில் இருந்து அய்யா நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் ஊர் திரும்பினார்கள். முதலில் ஜெர்மன் இயந்திரங்களை வைத்துத் தொடங்கி, பிறகு கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். மழை குறைவு, விவசாயம் கைகொடுக்காத மண், வேலை தேடும் ஆட்கள் ஏராளம். கைத்தொழிலாகத் தீப்பெட்டி இங்கே வேர்விட இது போதுமானதாக இருந்தது. பின்னர் இருவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தியபோது அய்யா நாடார் பக்கம் 'அணில்', சண்முக நாடார் பக்கம் 'காக்கா' என்று மார்க் பிரிந்தது.

பெட்டி இருந்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். காலண்டர், நோட்டு, டைரி என்று இன்று நாம் பார்க்கும் சிவகாசி அச்சுத்தொழில் இந்தத் தேவையில் இருந்து வளர்ந்ததுதான். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி என்று ஒரு வட்டமே தீப்பெட்டியை நம்பி எழுந்தது. விருதுநகரில் இருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கும் ஆமத்தூரும் இந்த வட்டத்துக்குள்தான் வருகிறது.

லேபிளில் ஏன் இத்தனை படங்கள்?

காரணம் ரொம்ப எளிமை. வாங்குபவர்களில் பலருக்கு அன்று எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் போய் "அணில் மார்க் ஒண்ணு குடுங்க" என்று கேட்கப் படம் போதும். அதனால்தான் அணில், காக்கா, கப்பல், மணி, சாவி, மாம்பழம் என்று வாயால் சொல்லிக் கேட்கக்கூடிய பொருளாகப் பார்த்து மார்க் வைத்தார்கள். சிறுத்தையோடு மனிதன் மல்லுக்கட்டும் 'சீட்டா ஃபைட்' படத்தை மறந்தவர்கள் குறைவு.

காலம் மாற மாறப் படமும் மாறியது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் காந்தியும் ராட்டையும் வந்தன. பிறகு சினிமா, ராக்கெட், கிரிக்கெட் என்று நாட்டில் எது பேசப்பட்டதோ அதெல்லாம் இந்தப் பெட்டியில் ஏறியது.

இன்னொரு சுவாரசியம், போலிகள். நன்றாக ஓடும் பிராண்டின் நிறத்தையும் அமைப்பையும் அப்படியே எடுத்துக்கொண்டு, விலங்கையோ ஓர் எழுத்தையோ மட்டும் மாற்றிவிடுவார்கள். கடைக்காரர் அசந்தால் கை மாறிவிடும். அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்ப்பது சேகரிப்பாளர்களுக்குத் தனிக் குஷி.

லேபிளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான லேபிள்களில் வருடம் இருக்காது. ஆனால் படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்துகளைப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

• வெளிநாட்டுப் பெயர்: ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பானில் செய்தது என்று இருந்தால், பெரும்பாலும் உள்நாட்டு உற்பத்தி பெருகுவதற்கு முந்தைய காலத்துப் பெட்டி.

• நயா பைசா: விலை நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1957 ஏப்ரலில் வந்த தசம நாணய முறையில் 'நயா' என்ற அடைமொழி 1964 ஜூன் வரைதான் இருந்தது.

• மெட்ராஸ் மாநிலம்: முகவரியில் இப்படி இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையதாக இருக்கலாம். அப்போதுதான் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

• பின்கோடு: 626-ல் தொடங்கும் 6 இலக்க எண் இருந்தால், 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது என்பது உறுதி. பின்கோடு முறையே அன்றுதான் அறிமுகமானது.

• ராமநாதபுரம் மாவட்டம்: சிவகாசி முகவரியோடு இந்தப் பெயர் இருந்தால் 1985-க்கு முந்தைய அமைப்பு. 1985-ல் தனி மாவட்டம் பிரிந்தபோது அதற்குக் 'காமராஜர் மாவட்டம்' என்று பெயர். 1997-ல் அது விருதுநகர் மாவட்டம் ஆனது.

• திருநெல்வேலி மாவட்டம்: கோவில்பட்டி முகவரியோடு இருந்தால் 1986-க்கு முந்தைய அமைப்பு. அந்த ஆண்டில்தான் தூத்துக்குடி மாவட்டம் உருவானது.

• விலை: 50 காசு என்றால் 2007 வரை. 1 ரூபாய் என்றால் 2007-ல் இருந்து 2021 நவம்பர் வரை. 2 ரூபாய் என்றால் 2021 டிசம்பர் 1-க்குப் பிறகு.

• ஜிஎஸ்டி எண்: இருந்தால் 2017 ஜூலைக்குப் பிந்தையது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மாவட்டப் பெயர் மாறியும் பழைய பிளேட்டையே வைத்து லேபிள் அடித்திருக்கலாம். அதனால் மாவட்டத்தின் பெயரை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். பின்கோடு, ஜிஎஸ்டி எண் போல ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் இருந்திருக்கவே முடியாத அடையாளம்தான் பலமான சாட்சி.

பெட்டி எதனால் ஆனது என்பதும் ஒரு தடயம். பழைய பெட்டிகள் மெல்லிய மரத் தகட்டில் செய்து, மேலே தாளும் லேபிளும் ஒட்டப்பட்டவை. பின்னால் அட்டைப் பெட்டி வந்தது. அதில் படம் அட்டையிலேயே அச்சாகிவிடும், தனி லேபிள் கிடையாது.

அதை ஒட்டியது யார்?

படம் அழகுதான். ஆனால் அந்தப் பெட்டியை ஒட்டிய கைகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தீப்பெட்டித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளிலும் நடந்தது. பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தைகளும் இந்த வேலையில் இருந்தார்கள். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் நிலை குறித்து எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு வழங்கியது. ஆபத்தான வேலையில் குழந்தைகளை அமர்த்தும் முதலாளி, ஒரு குழந்தைக்கு ரூ.20,000 வீதம் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆக, 1996-க்கு முந்தைய ஒரு லேபிள் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தால், அதை ஒட்டியது ஒரு குழந்தையின் கையாகவும் இருந்திருக்கலாம். எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில், இத்தனை பெட்டிக்கு இத்தனை காசு என்று கணக்குப் பார்த்து நடந்த உழைப்பு அது.

ஏன் இப்போதே சேர்க்க வேண்டும்?

வீட்டில் கேஸ் அடுப்புக்கு லைட்டர் வந்துவிட்டது. பாக்கெட்டில் பிளாஸ்டிக் லைட்டர் வந்துவிட்டது. ஒரு லைட்டர் பல தீப்பெட்டிகளின் வேலையைச் செய்துவிடும் என்பதால், அதைத் தடை செய்ய வேண்டும் என்று 2022-ல் தமிழ்நாடு முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2021-ல் மூலப்பொருள் விலை உயர்வால்தான் 14 ஆண்டுகளுக்குப் பிறகு தீப்பெட்டி விலையே 1 ரூபாயில் இருந்து 2 ரூபாய் ஆனது.

இப்படிப்பட்ட நெருக்கடியில் ஒரு சின்ன யூனிட் மூடப்பட்டால், அதன் பெயர் எந்தப் புத்தகத்திலும் வரப்போவதில்லை. பெரிய நிறுவனங்களுக்கு வரலாறு எழுத ஆள் உண்டு. சின்ன யூனிட்டுக்கு மிஞ்சுவது அந்த லேபிள் மட்டும்தான். ஸ்வீடனில் யோன்ஷோப்பிங் நகரத்தின் பழைய தீப்பெட்டி ஆலை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாவிட்டாலும், ஒரு ஆல்பம் வைக்க எல்லோராலும் முடியும்.

எப்படித் தொடங்குவது?

1. வீட்டிலேயே தேடுங்கள். பூஜை அறை, பரண், தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டி, தையல் ஊசி போட்டு வைத்த காலிப் பெட்டி என எங்கேயும் கிடைக்கலாம்.

2. ஊருக்கு ஒன்று வாங்குங்கள். ஆமத்தூர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று போகிற ஊரில் எல்லாம் பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி. செலவு 2 ரூபாய்தான். வெளிமாநிலம் போகும் நண்பரிடமும் சொல்லி வையுங்கள்.

3. குறிப்பு எழுதுங்கள். எந்த ஊர், யார் தந்தது, எந்தத் தேதி என்று லேபிளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

4. பழைய லேபிளைப் பிய்க்காதீர்கள். மரப்பெட்டியில் ஒட்டியது என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் பசை இளகித் தானாகக் கழன்று வரும். அதற்கு முன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, சாயம் கலைகிறதா என்று பாருங்கள். கலைந்தால் பெட்டியோடு அப்படியே வையுங்கள்.

5. வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துக் காய விடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசை என்றால் கொள்ளைப் பிரியம். அதனால் ஈரம் படாத இடத்தில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு முக்கியம்

குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. எனவே சேகரிப்பில் காலிப் பெட்டி மட்டுமே இருக்கட்டும். குச்சியோடு பெட்டியைத் தபாலில் அனுப்பக் கூடாது, விமானத்திலும் எடுத்துச் செல்லாதீர்கள்.

பட்டாசு லேபிளையும் சேர்ப்பவர்கள் உண்டு. அதற்காக வெடியைப் பிரிக்கவோ, மருந்தைக் கொட்டவோ கூடாது. வெளிப்பெட்டி அட்டை போதும். லேபிள் கேட்டு ஆலைக்குள் போவதும் வேண்டாம்.

இதை விற்றால் காசு கிடைக்குமா?

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலான லேபிள்களுக்குப் பெரிய விலை கிடையாது. லட்சக்கணக்கில் அச்சானவை அவை. "ரொம்ப அபூர்வம்" என்று ஆன்லைனில் யாராவது பெரிய தொகை கேட்டால், மேலே சொன்ன பின்கோடு, விலை, மாவட்டப் பெயரை வைத்து முதலில் வயதைச் சரிபாருங்கள். சுதந்திரத்துக்கு முந்தையது என்று சொல்லப்படும் லேபிளில் பின்கோடு இருந்தால் விஷயம் முடிந்தது!

காசுக்காக இல்லை, நம்ம ஊர் என்ன செய்தது, யார் செய்தார்கள் என்று அடுத்த தலைமுறைக்குக் காட்டவே இந்த ஆல்பம். அடுத்த முறை குச்சி தீர்ந்த பெட்டியைத் தூக்கிப் போடும் முன், அந்தப் பொடி எழுத்துகளை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.