பச்சைக்கல் தந்த நூலகம்

ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைப்பது ஒரு காவல். படிப்போர் கையில் அதனைச் சேர்ப்பது அதனினும் மேலான காவல். இவ்விரண்டாவது காவலை நியூசிலாந்து அறிஞர்கள் மேற்கொண்ட வரலாறு நாம் அறியத்தக்கதாகும்.

அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரி மக்களுக்கென 1842 முதல் 1933 வரை செய்தித்தாள்கள் பல வெளிவந்தன. அரசு வெளியிட்டவை, சமயத்தார் நடத்தியவை, மாவோரியர் தாமே தொடங்கியவை என அவை மூவகைப்படும். பெரும்பாலானவை மாவோரி மொழியிலேயே அமைந்தவை. ஏறத்தாழ 17,000 பக்கங்கள் நுண்படத் தகடுகளில் பதிவாகியிருந்தன. எனினும் உருப்பெருக்கிக் கருவியுள்ள நூலகத்தை நாடிச் சென்றோர்க்கே அவை பயன்பட்டன. தம் பாட்டனாரின் பெயர் எந்தப் பக்கத்தில் உள்ளதெனப் பேரன் தேடிக் காண்பது அரிதாயிருந்தது.

ஹாமில்டன் நகரத்து வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் இயன் விட்டன் தலைமையிலான குழுவினர் 1990களில் ஒரு மென்பொருளை உருவாக்கினர். மாவோரியர் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் பச்சைக்கல்லின் பெயரால் அதற்குக் ‘கிரீன்ஸ்டோன்’ எனப் பெயரிட்டனர். நூல்களை அதனிடம் ஒப்படைத்தால், சொற்களுக்கெல்லாம் அகரவரிசை அமைத்து, தேடிய சொல் உள்ள பக்கத்தை நொடியில் காட்டும். அந்தச் செய்தித்தாள்களும் இவ்வாறே இணையத்தில் ஏறின. பேரன் இருந்த இடத்திலிருந்தே பாட்டனாரின் பெயரைத் தேட வழி பிறந்தது.

அம்மென்பொருளை அவர்கள் விலைப்பொருளாக்கவில்லை. எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர் அதே உரிமையையும் சேர்த்து வழங்க வேண்டும் என்பதே அதன் உரிமநிபந்தனை. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும் பெல்ஜிய நாட்டின் ‘ஹியூமன் இன்ஃபோ’ தொண்டு நிறுவனமும் இம்முயற்சியில் கைகோத்தன. இணையம் எட்டாத ஊர்களுக்காகக் குறுந்தகடுகளும் ஆக்கப்பட்டன. வேளாண்மை, உடல்நலம் முதலிய துறைகளில் 1,230 வெளியீடுகள் ஒரே குறுந்தகட்டில் அடங்கின. அவற்றை அச்சிட்டால் எடை 340 கிலோ ஆகும் என்பர்.

மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் உழைப்பு தானாகக் கிடைத்துவிடாது. பழைய அச்சைக் கணிப்பொறி பிழையாகப் படிக்கும். அதனைத் திருத்த மொழியறிந்தார் வேண்டும். எந்நூல் யாருடையது, எவ்வாண்டினது எனக் குறித்து வைக்கப் பொறுமையுடையார் வேண்டும். கருவியை உலகோர் கொடையாகத் தந்துவிட்டனர். கரையான் அரிக்குமுன் ஏட்டை எடுத்துத் தருவது ஏட்டுக்குரியோரின் கடமையன்றோ?