தோட்டம் கைமாறியபோதும் வானொலி கைமாறியபோதும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழர்க்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. “தோட்டத்தை யார் வாங்கப் போகிறார்களாம்?” என்பதே அது. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்கும் வேளையிலும், சம்பள நாளன்று கடைத்தெருவிலும், மாரியம்மன் திருவிழாக் கூட்டத்திலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. கிராணி ஒரு பெயரைச் சொல்வார். லாரி ஓட்டுநர் வேறொரு பெயரைக் கொண்டுவருவார். கேட்டவர் எவரிடமும் வாங்குவதற்குப் பணமில்லை, விற்பதற்கும் எதுவுமில்லை. ஆயினும் அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவர்தம் குடியிருப்பும் கூலியும் பிள்ளைகளின் பள்ளியும் நிலைத்தன அல்லது குலைந்தன. பிற்காலத்தில் அதே கேள்வி வானொலியைப் பற்றியும் எழலாயிற்று. இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள உறவையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலில் தோட்டத்தைப் பார்ப்போம். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்ட முதல் இடம் மலாக்காவைச் சேர்ந்த புக்கிட் லிந்தாங் ஆகும். 1896இல் தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அது வேரூன்றியதும் கூட்டாளிகளுடன் சேர்ந்து புக்கிட் அசகானில் அதனினும் பன்மடங்கு பெரிய தோட்டத்தை உருவாக்கினார். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் அத்தோட்டம் பெரும் இலாபத்திற்கு இலண்டன் நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. ஆக, மலாக்காவில் ரப்பரின் வரலாறு நடவோடு தொடங்கியது எனினும், தோட்டத்துறையின் வரலாறு ஒரு விற்பனையோடுதான் தொடங்கியது. 1910ஆம் ஆண்டு வாக்கில் இலண்டன் பங்குச் சந்தையில் மலாயா ரப்பர்ப் பங்குகளை வாங்கி விற்றவர்களுள் பெரும்பாலோர் ஒரு ரப்பர் மரத்தையேனும் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். மரத்தை வெட்டிப் பால் எடுத்தவரோ அப்பங்கின் விலையை அறியார்.

1950களில் நிலைமை வேறு வடிவம் கொண்டது. விடுதலை நெருங்கியபோது ஐரோப்பிய உரிமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்றுவிட்டு நாடு திரும்ப முற்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு நிலத்துண்டுகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் என்று நம் முன்னோர் குறிப்பிட்ட இக்கொடுமையைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவான ஆய்வு நிகழ்த்தினார். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயத்து வீட்டுக்குப் பொறுப்பேற்பவர் இல்லை. ஆலயத்துக்கும் பள்ளிக்கும் நிலம் இல்லை. இதற்கு மாற்றாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி, தொழிலாளர் தாமே வாங்குவோராகலாம் என்பது அதன் அடிப்படை. 1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. “யார் வாங்கப் போகிறார்கள்?” என்ற கேள்விக்கு “நாமே” என்ற விடை அன்றுதான் முதன்முதலாகக் கிடைத்தது. எல்லாத் தோட்டத்துக்கும் அந்த விடை கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1967இல் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தம் குறைகளை முறையிடக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டனர்.

இனி வானொலி. மலாயாவின் முறையான ஒலிபரப்பும் தனியார் கையில்தான் பிறந்தது. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்னும் நிறுவனம் 1937இல் சிங்கப்பூர்க் கால்டிகோட் குன்றிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மூன்றே ஆண்டுகளில், போர் மேகம் சூழ்ந்த 1940இல், நீரிணைக் குடியேற்ற அரசு அதனைத் தன்வசமாக்கிக்கொண்டது. இதுவே நம் வட்டாரத்தில் வானொலி கைமாறிய முதல் நிகழ்ச்சி. அடுத்த கைமாற்றத்துக்கு விலை பேசப்படவில்லை. ஜப்பானியர் படையோடு வந்து நிலையங்களைக் கைப்பற்றினர். பினாங்கு, கோலாலம்பூர், சிரம்பான், சிங்கப்பூர் ஆகியவற்றுடன் மலாக்கா நிலையத்தையும் தம் பரப்புரைக்குப் பயன்படுத்தினர். 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா அரசுத் துறையாக அமைந்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு பிரிவுகள் அதில் இடம்பெற்றன.

அரசு வானொலி தோட்டத்துக்குள் நுழைந்தது அன்பினால் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், கம்யூனிஸ்டுகளின் பரப்புரைக்கு மறுமொழி சொல்லும் கருவியாக வானொலி கருதப்பட்டது. புதுக்கிராமங்களுக்கும் மலாய்க் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொதுக் கேட்புப் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஒரு பெட்டியைச் சூழ்ந்து ஒரு தோட்டமே அமர்ந்தது. செய்தியும் அறிவுரையும் கேட்பதற்கென அரசு வைத்த பெட்டியில் மக்கள் பாட்டையும் நாடகத்தையும் கேட்டார்கள். கொடுத்தவரின் நோக்கம் ஒன்றாகவும் கேட்டவரின் பயன் வேறாகவும் இருந்தன. அதே காலத்தில், 1949 முதல், பெருநகரங்களில் ரெடிஃபியூஷன் என்னும் தனியார் நிறுவனம் கம்பிவழி ஒலிபரப்பை வாடகைக்கு விட்டது. அதன் கம்பி சென்றது வாடகை கொடுக்கவல்ல நகர வீடுகளுக்கு. அதில் ஓங்கி ஒலித்தவை சீனக் கிளைமொழிகள். தோட்டத் தமிழருக்கு அது எட்டாத பொருள்.

1960களில் மின்கல டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்தபோது பொதுப்பெட்டியின் காலம் முடிந்தது. மின்விளக்கு எரியாத லயத்து வீட்டிலும் வானொலி பேசியது. பின்னாளில் வானொலி 6 என்றும், அதன்பின் மின்னல் எஃப்எம் என்றும் பெயர்பெற்ற தமிழ்ப் பிரிவு, செய்தியைத் திருத்தமான தமிழில் தந்தது. நாடகம் எழுதுவோருக்குக் களம் அமைத்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவருக்குச் செந்தமிழைத் தொடர்ந்து கேட்பதற்கு இருந்த வாயில்கள் மிகச் சில: ஆலயச் சொற்பொழிவு, நாளிதழை உரக்கப் படிப்பவர், வானொலி. முதல் இரண்டும் எல்லா நாளும் கிடைப்பவை அல்ல.

தனியார் வானொலி மீண்டும் தலையெடுத்தது 1990களில். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. அதே ஆண்டில் டைம் நெடுஞ்சாலை வானொலி, அதாவது டிஎச்ஆர், தொடங்கப்பட்டது. டைம், நெடுஞ்சாலை ஆகிய இரண்டும் ரெனோங் என்னும் பெருங்குழுமத்தின் குடையின்கீழ் இருந்தன. பெயருக்கேற்பச் சாலைச் செய்திக்கென உருவான அந்நிலையம், நாளடைவில் மலாய், இந்தி, தமிழ்ப் பாடல்களுக்கு இடம் தந்தது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ரெனோங் கடனில் மூழ்கியது. குழுமம் ஆட்டங்கண்டால் அதன் சிறு கிளைகளைப் பற்றிய ஊகங்கள் பிறப்பது இயல்பே. 2005இல் டிஎச்ஆர் ஆஸ்ட்ரோ குழுமத்தின் கைக்கு வந்தது. வந்தவுடன் நிகழ்ந்தது ஒரு பிரிவினை: கிழக்குக் கரைக்கு மலாய் மொழியில் டிஎச்ஆர் கெகார், மேற்குக் கரைக்குத் தமிழில் டிஎச்ஆர் ராகா.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தோட்டத்தை வாங்கியவர் நிலத்தைத் துண்டாடினார். வானொலியை வாங்கியவர் செவிகளைப் பங்கிட்டார். ஆனால் விளைவு எதிர்மாறானது. தோட்டத் துண்டாடலால் தமிழர் சிதறினர். இந்தப் பங்கீட்டால் சிதறியிருந்த தமிழர் ஒரே அலைவரிசையில் கூடினர். ஏனெனில் அதற்குள் மலாக்காத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வரத் தொடங்கியிருந்தன. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் பல நகர்ப்புறத்து மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. லயமும் ஆலயமும் விட்டுவந்த இடத்தில் இருக்க, வானொலி மட்டும் கூடவே வந்தது. தொழிற்சாலைப் பேருந்தில் விடியற்காலையில் தமிழ் கேட்பது ஒரு புதுத் தலைமுறையின் பழக்கமாயிற்று.

தனியார் வானொலி தமிழைக் கெடுத்துவிட்டது என்னும் குற்றச்சாட்டு மொழி மன்றங்களில் அடிக்கடி எழுகிறது. இதை நாம் பாதியே ஏற்கிறோம். ஆங்கிலம் விரவிய பேச்சு அங்கே மிகுதி என்பது மெய். எனினும் அறிவிப்பாளரைக் குறைசொல்லி நிறுத்திக்கொள்வது வரலாற்றுப் பார்வை ஆகாது. அரசு வானொலியின் தமிழுக்குச் செலவழித்தது பொது நிதி. அதனால் கேட்போர் குறைந்தாலும் இலக்கிய நிகழ்ச்சி தொடரலாம். தனியார் வானொலி விற்பது பாடலையன்று. அது நேயர்களின் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்கிறது. ஆகவே எந்தத் தமிழ் அதிகம் பேரை நிறுத்திவைக்குமோ அந்தத் தமிழே அங்கு வளரும். திருத்தமான தமிழுக்குக் கேட்போர் உண்டென்று காட்டும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு. அதை நாம் பெரிதாகச் செய்ததில்லை.

நேயர்களே சரக்கு என்பதற்குத் தமிழகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் 92.7 அலைவரிசையில் ஒலிக்கும் பிக் எஃப்எம், இந்தியா முழுதும் 58 நிலையங்கள் கொண்ட தொடரின் ஓர் உறுப்பு. ரேடியோ சிட்டியை நடத்தும் நிறுவனம் 2019இல் அத்தொடரை ஏறத்தாழ 1,050 கோடி ரூபாய் மதிப்பில் வாங்க உடன்பட்டது. அந்த ஒப்பந்தம் நிறைவேறவில்லை. பின் நிலையங்கள் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயின. பல நிறுவனங்கள் போட்டியிட்டன. இவர் வாங்குவார், அவர் வாங்குவார் என்ற ஊகம் வணிக ஏடுகளில் நீண்டது. 2024 மே மாதத்தில் சஃபையர் மீடியா என்னும் நிறுவனத்தின் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. விலை ஏறத்தாழ 261 கோடி. ஐந்தாண்டுகளில் மதிப்பு நான்கில் ஒன்றாயிற்று. கோபுரங்கள் இடம் மாறவில்லை. விளம்பரப் பணம் கைபேசிக்குப் பெயர்ந்துகொண்டிருந்தது.

அப்படியாயின், சம்பந்தன் தோட்டத்துக்குக் கண்ட வழியை ஏன் எவரும் வானொலிக்குக் காணவில்லை? மாதம் 10 வெள்ளி கொடுத்துத் தோட்டம் வாங்கிய மக்கள் ஒரு நிலையத்தை வாங்கியிருக்க முடியாதா? மாணவர்கள் இக்கேள்வியைக் கேட்கவேண்டும் என்றே விரும்புகிறோம். பணம் மட்டுமே தடையன்று. நிலத்துக்குப் பட்டா உண்டு, பணமுள்ளவர் வாங்கலாம். அலைவரிசை அரசின் உடைமை; உரிமம் பெற்றவரே பயன்படுத்தலாம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் சமூக வானொலிக்கெனத் தனியான உரிமவகை இல்லை. இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கு அவ்வழி திறக்கப்பட்டது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமூக வானொலி 90.4 அலைவரிசையில் தொடங்கி, சென்னைச் சுற்றுப்புற மக்களே பேசும் களமாயிற்று. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலாக்காத் தமிழருக்கென ஒரு வானொலி நிலையம் இல்லை. மாநில நிலையமான மலாக்கா எஃப்எம் பேசுவது மலாய் மொழியில். “நம்மூர் வானொலி” என்று நாம் சொல்வது தலைநகரில் பேசப்படுவதைத்தான்.

ஆஸ்ட்ரோவைத் தோற்றுவித்தவர், பிரிக்பீல்ட்ஸில் பிறந்த ஈழத்தமிழ் வழியினரான ஆனந்தகிருஷ்ணன். அவர் 2024 நவம்பரில் மறைந்தபின் அவருடைய நிறுவனங்களின் எதிர்காலம் குறித்து வணிக உலகில் பேச்சு எழுந்தது. 2012இல் பங்கு ஒன்று 3 வெள்ளிக்குச் சந்தைக்கு வந்த ஆஸ்ட்ரோவின் விலை, அவர் மறைந்த காலத்தில் சில்லறைக் காசுகளாகச் சுருங்கியிருந்தது. ஊகத்துக்கு ஏற்ற விளைநிலம் அது. நாளை ராகா யாரிடம் இருக்கும் என்று கணிப்பது எம் வேலையன்று. அக்கேள்வியோடு சேர்த்துக் கேட்கப்படாத ஒன்றைச் சுட்டுவதே எம் வேலை: ஒலிப்பேழைகள் யாருக்கு?

தோட்டம் கைமாறியபோது பெரட்டுப் புத்தகமும் சம்பளப் பதிவேடும் அலுவலகத்து அலமாரியோடு போயின. யார் எந்த ஆண்டு வந்தார், எந்த லயத்தில் குடியிருந்தார், எத்தனை நாள் பால் வெட்டினார் என்பதற்கு இருந்த சான்றுகள் அவை. இன்று மலாக்காத் தோட்டமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் தங்கள் ஊரின் பெரியவர்களையே நம்பியிருக்கிறார்கள். வானொலியிலும் அவ்வாறே. நேயர் விருப்பத்தில் பெயர் சொல்லப்பட்ட குடும்பங்கள், நாடகத்தில் நடித்த குரல்கள், தொலைபேசியில் அழைத்துத் தோட்ட வழக்கில் பேசியவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் ஒலிநாடாவிலோ கணினி வட்டிலோ இருக்கலாம். விற்பனைப் பத்திரத்தில் உரிமம், கருவி, வணிகப் பெயர், விளம்பர ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு விலை எழுதப்படும். பழைய ஒலிப்பதிவுக்கு எழுதப்படும் விலை பெரும்பாலும் மிகச் சிறிது. எனவே அதை வாங்குபவருக்கு அதனைக் காக்கும் கட்டாயமும் மிகச் சிறிது.

ஆசிரியர்கள் இதில் செய்யத்தக்க ஒரு பணி உண்டு. அதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்து முதியவர்களிடம் சென்று, தோட்டத்தில் முதல் வானொலிப் பெட்டி யார் வீட்டில் இருந்தது, எந்த ஆண்டு, என்ன கேட்டார்கள், மின்கலம் வாங்கக் காசு எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். புக்கிட் லிந்தாங்கிலும் அசகானிலும் தோட்டத்தின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; தொடங்குவதற்கு அவை பொருத்தமான இடங்கள். அசகானுக்கு மேலே நிற்கும் குனோங் லேடாங் மலையில்தான் மலாக்காவுக்கும் வட ஜொகூருக்கும் ஒலிபரப்பும் கோபுரங்கள் இருக்கின்றன. 1967இல் மலையடிவாரத்திலிருந்து நடந்து சென்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கோலாலம்பூரில் பேசப்படும் தமிழ் அந்த மலையுச்சியிலிருந்து வந்துசேர்கிறது.