காந்தமும் காலும்

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தவர் மனத்தில் முதலில் எழும் வினா, மீண்டும் நடப்போமா என்பதே. அவர் காலில் எலும்பு முறியவில்லை, தசை அறுபடவில்லை. மூளையின் குருதிக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, காலை ஏவும் பகுதி கெட்டுவிடுகிறது. அல்லது அங்கிருந்து இறங்கும் நரம்புவழி கெடுகிறது. குதிரை நலமாக நிற்கிறது, கடிவாளம் அறுந்துவிட்டது. மாணவச் செல்வங்களே, அக்கடிவாளத்தைத் தேடிச் சென்ற அறிஞர்களின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1870-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்னும் இருவர், நாயின் மூளைப் புறணியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். ஒரு பக்கத்தைத் தூண்டியபோது எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. புறணியை மின்சாரத்தால் தூண்ட இயலாது என்று அறிஞர் பலர் கொண்டிருந்த கருத்து அதனால் வீழ்ந்தது. ஆயினும் அது மண்டையோட்டைத் திறந்து செய்த சோதனை.

திறவாமலே தூண்டும் வழியை 1980-இல் இங்கிலாந்தின் மெர்ட்டனும் மார்ட்டனும் காட்டினர். தலைத்தோலின்மேல் மின்முனைகளை வைத்துக் கையை அசையச் செய்தனர். ஆனால் அது வலித்தது. 1985-இல் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கரும் அவர் தோழர்களும் காந்தத்தைத் துணைகொண்டனர். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து, கால்வனாமீட்டரின் முள் அசைவதைக் காட்டிப் பல்லாண்டு பாடம் நடத்தியவன் நான். 1831-இல் ஃபாரடே கண்ட அதே விதிதான் இங்கும் தொழிற்படுகிறது. தலைமேல் வைத்த சுருளில் மின்னோட்டம் நொடிக்கும் குறைந்த பொழுதில் எழுந்து அடங்குகிறது. மாறும் காந்தப்புலம் எலும்பைக் கடந்து, மூளையில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. 2000-இல் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் நிட்ச்சேயும் பவுலஸும் வேறொரு வழியை ஆராய்ந்தனர். சில நிமிடங்கள் செலுத்திய மெல்லிய நேர்மின்னோட்டம், நின்ற பின்னும் மூளையின் கிளர்ச்சித்திறனை மாற்றி வைப்பதை அவர்கள் கண்டனர்.

காலின் செய்தியில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. கைக்குரிய பகுதி மூளையின் வெளிப்புறத்தில் உள்ளது. காலுக்குரியதோ, இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவின் உட்சுவரில் மறைந்திருக்கிறது. தொலைவு கூடக்கூடக் காந்தப்புலம் தேயும். ஆகவே, இரு வளையங்களைக் கோணமாகச் சேர்த்து, உச்சந்தலையில் பொருந்தும் சுருளைச் செய்து ஆழத்தை எட்ட முயன்றனர்.

பயன் என்ன? மெய்த்தூண்டல் ஒரு குழுவுக்கும், போலித்தூண்டல் மற்றொரு குழுவுக்கும் கொடுத்து ஒப்பிடுகின்றனர். சில ஆய்வுகளில் நடை மேம்பட்டது. சிலவற்றில் வேறுபாடு தோன்றவில்லை. எனவே, இது எல்லார்க்கும் உறுதியளிக்கும் மருத்துவமாக இன்னும் நிலைபெறவில்லை. வலிப்பு நோயுள்ளவர்க்கும் தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவர்க்கும் இதில் தீங்கு நேரலாம். மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தூண்டல் நடைப்பயிற்சிக்குத் துணையாகுமேயன்றி, அதற்கு மாற்றாகாது. கருவி மூளையைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவர முயல்கிறது. கற்பது மீண்டும் மீண்டும் அடியெடுத்து வைப்பதால்தான். விளம்பரத்தை நம்பிக் கருவிக்குப் பொருளைச் செலவிட்டுப் பயிற்சியைக் கைவிடும் குடும்பம் இரண்டையும் இழக்கும். உங்கள் இல்லத்தில் அவ்வாறு ஒரு பாட்டனார் படுத்திருந்தால், மருத்துவர் வகுத்த பயிற்சிக்கு நாள்தோறும் தோள் கொடுங்கள். அந்தத் துணை இன்றே உங்களால் இயலும்.