ஒல்லாந்தப் போலிகள்: பேச்சற்றுப் போன மணிக்கூடுகள்

போலி மணிக்கூடு என்றதும் பலருக்கும் ஹொங்கொங், பாங்கொக் நடைபாதைக் கடைகளே நினைவுக்கு வரும். ஆனால், இந்த வணிகம் மிகப் பழையது. 1698ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாடாளுமன்றம், உள்ளியந்திரம் இல்லாத வெற்றுக் கூடுகளை ஏற்றுமதி செய்யலாகாது என்றும், செய்தவரின் பெயரும் ஊரும் மணிக்கூட்டில் பொறிக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. வெளிநாடு சென்ற கூடுகள் மட்டமான இயந்திரங்களைத் தாங்கி, இலண்டன் பெயருடன் விலைபோயின என்பதே முறைப்பாடு.

சட்டத்தால் ஆனது அதிகமில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'வில்ரர், இலண்டன்', 'ரார்ட்ஸ், இலண்டன்' என்ற பெயர்கள் பொறித்த சட்டைப்பை மணிக்கூடுகள் ஐரோப்பியச் சந்தையில் நிறைந்தன. இப்பெயர்கள் கற்பனையானவை என்றே கருதப்படுகின்றன. புனைபெயரில் எழுதிப் பழகிய பத்திரிகைக்காரனாகிய எனக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. புகழ்பெற்றவரின் பெயரைத் திருடுவது ஒருவகை. இல்லாத ஒருவரை இலண்டனில் குடியேற்றுவது வேறொரு வகை.

சேகரிப்பாளர் இவற்றுக்கு இட்ட பெயர் 'ஒல்லாந்தப் போலிகள்'. எமது கரையோரங்களை 1796 வரை ஆண்ட அதே ஒல்லாந்தரின் இரசனைக்கேற்ப, முகப்பில் நிமிட வளையம் நேர்வட்டமாக ஓடாது, சிறு வளைவுகளாக அலையலையாகச் செல்லும். எனினும், இவற்றுட் பல ஜெனீவாவிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் உருவானவை எனக் கருதப்படுகின்றன. பின்புறத்தைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். துலாச் சக்கரத்தை மூடும் சித்திர வேலைத் தகட்டை ஆங்கிலேயர் ஒரு பக்கத்தில் மட்டும் திருகாணியால் இறுக்குவர். ஐரோப்பியக் கண்டத்தவர் அதைப் பாலம்போல அமைத்து இருபுறமும் இறுக்குவர். பெயரோ இலண்டன், பாலமோ கண்டத்தது! வாங்கியவர்களில் எத்தனை பேர் பின்புறத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

பாரிஸின் பிரெகே தம் போலிகளைத் தடுக்க 1795 அளவில் முகப்பில் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இரகசியக் கையொப்பத்தைப் பொறிக்கத் தொடங்கினார். அதைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் சலிக்காமல் பேசுவர். ஒல்லாந்தப் போலிகளுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. போலி என்று இனங்கண்டதும் உரையாடல் முடிந்துவிடும். மதிப்பில்லாததைப் பேணுவாரில்லை, பேணாததை ஆராய்வாருமில்லை. இதனை நான் வெறும் இரசனைக் குறைபாடாகக் கருதவில்லை. மலைநாட்டுப் பண்ணை வீடுகளில், பனிக்காலத்தில், ஒரு குடும்பம் சக்கரமும் இன்னொரு குடும்பம் வில்லுமாகச் செய்து கொடுத்த உழைப்பு சுவிற்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் பெருந்தொழிலாக வளர்ந்தது. பிரபுக்களின் மணிக்கூடுகளுக்கு வரலாறு எழுதப்பட்டது. சாதாரணருக்கு எட்டிய விலையில் நேரத்தைக் கொண்டுசென்ற பொருள்களோ 'போலி' என்ற ஒரு சொல்லோடு ஒதுக்கப்பட்டன.

அண்மைக் காலத்தில் இந்த மௌனம் சற்றுக் கலைந்துள்ளது. பிரித்தானிய மணிக்கூட்டுக் கலைஞரான றெபேக்கா ஸ்ரறதர்ஸ் இவற்றையே தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டவர். 2023இல் வெளிவந்த தமது நூலிலும் இவற்றுக்கு இடமளித்துள்ளார். கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவரே எழுத முன்வந்தது நல்லதாயிற்று. அரத்தின் கீறல்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு, முகப்பில் உள்ள பெயர் பொய்யாக இருப்பது பெரிய தடையில்லை.