ஒரு திர்ஹம் பயணம்

மாணவன் பர்ஸ் தெரியுமே! துபாயில் முதல் நாள், டாக்சியைத் திரும்பிக்கூடப் பாக்காம பர் துபாய்லேர்ந்து தேராவுக்கு அப்ரா படகில் ஏறிட்டேன். ஒரு திர்ஹம்தான். மனசு உடனே ரூபாயில பெருக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஆனா மக்களே, 1966 வரைக்கும் இந்த ஊரில் புழங்கினது நம்ம ரூபாய்தான்! தங்கக் கடத்தலில் அந்நியச் செலாவணி கரையுதுன்னு 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்தது. இந்தியாவுக்குள் கடைகண்ணியில் அது செல்லாது. 1966 ஜூனில் டெல்லி ரூபாயின் மதிப்பைக் குறைக்க, இங்கே ரூபாயாகச் சேர்த்து வைத்தவர்களுக்கும் அதே அடி. அவங்களை யார் கேட்டா? துபாய் அந்த வருஷமே ரூபாயைக் கைவிட்டது. பிறகு கத்தார்-துபாய் ரியால்; 1973-ல் திர்ஹம்.

அக்கரையில் மசாலா சந்தை. ஏலக்காய் விலை கேட்டேன். மறுபடி பெருக்கினேன். வாங்கலை :-)