படபடத்த குரல்: 1990 ஒக்டோபர் இரவுகளும் சிற்றலை வானொலியும்

யாழ்ப்பாண முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி வாய்மொழிச் சாட்சியம் திரட்டப் போனால், பேச்சு ஒரு கட்டத்தில் வானொலிக்கு வந்துவிடும். "அந்த ரெண்டு மூணு கிழமையும் பி.பி.சி. சரியா வரேல்ல. குழப்பிப் போட்டாங்கள்" என்று புத்தளத்திலும் சொன்னார்கள், திரும்பி வந்த சோனகத் தெருவிலும் சொன்னார்கள். யார் குழப்பியது என்று கேட்டால் ஒருவர் கொழும்பு என்பார், இன்னொருவர் இயக்கம் என்பார். சூரியனைச் சந்தேகித்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

இதை வேடிக்கைக்காக எழுதவில்லை. 1990 ஒக்டோபர் 15இல் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு மன்னார். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்தவருக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல். "முன்கூட்டியே தெரியாதா? ஏன் சாமான் சக்கட்டோடு கிளம்பவில்லை?" என்று இன்றும் எங்கள் பெரியவர்களைக் கேட்கிறார்கள். வானொலி வரவில்லை என்பது அவர்கள் சொல்லும் பதில்களில் ஒன்று. அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்காமல் அப்படியே பதிவுசெய்வது வரலாற்றுக்கும் நல்லதல்ல, சொன்னவர்களுக்கும் நல்லதல்ல.

முதலில் அன்றைய நிலைமை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னில்தான் தமிழோசை கேட்டோம். எங்கள் வீட்டில் சுற்றுகிறவன் நான், பத்து வயது. கை ஓய்ந்தால் லண்டன் ஓயும். "ஒழுங்காச் சுத்தடா மகன்" என்று வாப்பா அதட்டுவார். ஆகவே குழப்பியவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனிச் சூரியன். சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான அலை. அது நிலத்தோடு ஒட்டி வருவதில்லை. மேலே எறிந்த பந்து கூரையில் பட்டுத் திரும்புவதுபோல, 200, 300 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயன் மண்டலத்தில் பட்டு வளைந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி இறங்கும். அந்தக் கூரையைக் கட்டுவது சூரிய ஒளி. சூரியனின் கறைகள் ஏறத்தாழ 11 வருடத்துக்கு ஒருமுறை பெருகிக் குறையும். கூரையும் அதற்கேற்ப வலுக்கும், மெலியும். 1989இல் ஒரு உச்சம் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 13இல் எழுந்த காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 இலட்சம் பேரை ஒன்பது மணித்தியாலம் இருளில் வைத்தது. 1990இலும் சூரியன் அடங்கிவிடவில்லை.

சூரியச் சுவாலை வெடித்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். வந்து, கூரைக்குக் கீழே 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள படையை அடர்த்தியாக்கும். சிற்றலை அந்தப் படையைக் கடக்கும்போதே உறிஞ்சப்படும். நிலையம் வேலை செய்யும், கருவியும் வேலை செய்யும், சத்தம் மட்டும் வராது. 1935இல் அமெரிக்கர் டெலிஞ்சர் இந்தத் திடீர் மங்கலைச் சூரிய வெடிப்போடு தொடர்புபடுத்தினார்.

ஆனால் சுவாலை தாக்குவது பகல் பக்கத்தை மட்டும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் 2003 ரமழானின் முதல் நாட்களில் கிடைத்தது. ஒக்டோபர் 28இல் பெருஞ்சுவாலை ஒன்று உச்சம் தொட்டபோது இலங்கையில் அன்றைய கடிகாரப்படி மாலை 5.10 மணி. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. சூரியன் மேற்கே சாய்ந்திருந்தாலும் எங்கள் வானில்தான் நின்றது. ஒரு வாரம் கழித்து நவம்பர் 4இல் அதைவிடப் பெரியது வெடித்தது. அப்போது எங்களுக்கு நடுநிசி தாண்டிய நேரம். அந்தக் கதிர் எங்கள் கூரையைத் தொடவேயில்லை.

தமிழோசை கேட்டது இரவில். சுவாலை மங்கலோ சில நிமிடங்கள், மிஞ்சினால் ஓரிரு மணித்தியாலம். இரவு வானொலி இரண்டு கிழமை கெட்டுக் கிடந்ததற்குச் சுவாலையைக் காரணம் காட்ட முடியாது. காந்தப் புயலும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னது பிழையா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ரொக்கெற் ஏவுதளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். யாழ்ப்பாணமும் அந்தக் கோட்டுக்குத் தூரமில்லை. இந்தப் பகுதியில் பொழுதுபட்டதும் அயன் மண்டலத்தின் அடிப்பாகம் கரைந்து, மேற்பாகம் இன்னும் உயர எழும். பாரமான எண்ணெய்க்குக் கீழே மாட்டிய காற்றுக் குமிழிபோல, அடர்த்தி குறைந்த பொட்டுகள் கீழிருந்து மேலே கிளம்பும். அவற்றில் பட்ட சிற்றலை சிதறி, பல வழியாக வந்து ஒன்றோடொன்று மோதும். குரல் அறுந்து போகாது, படபடக்கும். எங்கள் நெடுங்கோட்டில் இது அதிகம் நடப்பது இரவும் பகலும் சமமாகும் பருவங்களில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும். அதிலும் சூரிய உச்ச ஆண்டுகளில் கூடுதல். நேரம், பொழுதுபட்டதிலிருந்து ஏறத்தாழ நடுநிசி வரை.

1990 ஒக்டோபர் இரவு இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. ஒவ்வோர் இரவும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "சரியா வரேல்ல" என்ற சாட்சியத்தை இனித் தள்ளிவிட முடியாது.

தள்ள வேண்டியது அதன் மற்றப் பாதியை. வானொலி தெளிவாக இருந்திருந்தால் தப்பியிருப்போம் என்பதை நான் ஏற்கவில்லை. சாவகச்சேரி 15 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அந்தச் செய்தி லண்டனுக்குப் போய்க் கூரையில் மோதி வரவேண்டியதில்லை. "கேள்விப்பட்டோம், எங்களுக்கும் நடக்குமெண்டு நினைக்கேல்ல" என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதை மெதுவாகத்தான் சொன்னார்கள்.

குமிழிகளைப் பற்றி வாசித்தபின் சோனகத் தெருவில் ஒரு பெரியவரிடம் திரும்பப் போனேன். வேண்டுமென்று குழப்பும் ஒலி என்றால் இரைச்சலாக, ஒரே சீராக மேலே ஏறி நிற்கும். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "காக்கா, அது மோட்டர் மாதிரி இரைஞ்சதா, இல்லாட்டி வேற மாதிரியா?"

அவர் யோசிக்கவில்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, விரல்களை வேகமாக ஆட்டிக்கொண்டே, "லண்டன்... தமி...ழோசை..." என்றார்.